ஒபின்னாவுக்குப் போடாத ‘ங்க’

கருமத்தம்பட்டியில் தறி ஃபிட்டர் அமிர்தநாதனை ‘வாடா’ என்று கூப்பிட்டவன் தறி ஓடாது. சாபமெல்லாம் இல்லை. அவர் பாட்டுக்கு ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். ஒரு தடவை செங்கோட்டையன் என்கிற தறிக் குடோன்காரர், இருபத்தாறு தறிக்குச் சொந்தக்காரர், ஏதோ அவசரத்தில் “டேய் அமிர்தம், சீக்கிரம் வாடா” என்று கத்திவிட்டார். கழற்றிய தறி கழற்றியபடியே மூன்று நாள் கிடந்தது. நான்காம் நாள் காலையில் செங்கோட்டையனே புல்லட்டில் வந்து வாசலில் இறங்கி, “ஏனுங்க அமிர்தநாதன், சித்த வந்துட்டுப் போங்க” என்றார். “இதா வாரனுங்க” என்று இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு ‘ங்க’வுக்கு மூன்று நாள் தறியை நிறுத்தின மனுஷன் என்று டீக்கடையில் இன்றைக்கும் கிண்டலடிப்பார்கள். அடித்தால் அடிக்கட்டும், அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா லூர்துசாமி பண்ணையத்தில் மாடு கட்டியவர். பண்ணைக்காரர் வீட்டுப் பொடியன், பால்பல்லே இன்னும் விழாதவன், நாற்பது வயது லூர்துசாமியை “லூர்து, இங்க வாடா” என்பான். லூர்துசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “வந்துட்டனுங்க சாமி” என்று சிரித்துக்கொண்டே ஓடுவார். கூட நின்று அதைப் பார்த்தபோது அமிர்தநாதனுக்கு ஒன்பது வயது. இப்போது ஐம்பத்து நான்கு. அந்த ‘டா’ இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷன் எப்படிக் கோட்டைவிட்டார் என்பதுதான் கதை. சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

வாரத்தில் ஆறு நாள் ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு ஞாயிற்றுக்கிழமை மைக். ஊருக்கு வெளியே இருக்கிற மைதானத்தில் வருஷா வருஷம் செவன்ஸ் போட்டி நடக்கும். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. ஒரு காலத்தில் அமிர்தநாதனும் அங்கே கோல்கீப்பராக நின்றவர்தான். முட்டி போனபிறகு மைக்கைப் பிடித்தார். இருபத்திரண்டு வருஷமாக விடவில்லை. ஆட்டம் சுமாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க ஜனம் வந்துவிடும். சோமனூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஷாமியானா நிழலில் மேசை, மேசைமேல் சுக்குக்காப்பி ஃபிளாஸ்க், கையில் மைக். அந்த இரண்டு மணி நேரம் அவர்தான் ராஜா.

நான்கு வருஷமாகத் திருப்பூர் அணிக்கு ஒபின்னா ஆடுகிறார். நைஜீரியாக்காரர். ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களைக் காதர்பேட்டை மார்க்கெட்டில் வாங்கி, மூட்டை கட்டி லாகோஸுக்கு அனுப்புவது தொழில். ஆறடிக்கு மேல் உயரம், முப்பது வயது. அவர் தமிழ் முழுக்க மார்க்கெட்டில் படித்தது. எதைச் சொன்னாலும் ‘ங்க’ போடாமல் முடிக்கமாட்டார். ஒருநாள் மைதானத்துக்குள் நுழைந்துவிட்ட தெருநாயைப் பார்த்து, “ஏனுங்க, அக்கட்ட போங்க” என்றார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கில் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கவைத்தவர் வேறு யார்? நம்ம அமிர்தநாதன்தான்.

அந்தப் பெயரை வைத்தே அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். “ஓ... பின்னா...” என்று இழுப்பார். ஜனம் காத்திருக்கும். “பின்னால வருது பாருங்க!” என்று முடிப்பார். கைதட்டல், விசில். அப்புறம் லாரி வருது, எருமை வருது என்று வரிசையாக அடுக்குவார். ஒபின்னாவும் ஷாமியானா பக்கம் கட்டைவிரலைக் காட்டிச் சிரிப்பார். “பார்த்தீங்களா, அதே சிரிக்குது” என்பார் அமிர்தநாதன்.

இந்த வருஷம் அரையிறுதி முடிந்த அடுத்த சனிக்கிழமை. இறுதிப்போட்டி மறுநாள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. கருமத்தம்பட்டியில் அப்படி ஓர் அமைதி மாதத்துக்கு ஒருநாள்தான் வரும். பகல் பதினோரு மணிக்கு அமிர்தநாதன் வீட்டு வாசலில் ஒபின்னா வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

அமிர்தநாதன் மனைவி இருதயம்மாள் நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். ஒபின்னா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அரையிறுதி வீடியோவை அவருடைய அம்மா ஊரிலிருந்து யூட்யூபில் பார்த்திருக்கிறார். பாஷை தெரியாவிட்டாலும் வர்ணனை ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

“அந்தப் பெரியவர் உன் பேரை எவ்வளவு ஆசையாச் சொல்றாரு, ஜனமெல்லாம் சிரிக்குது, நீயும் சிரிக்கறே, அப்பிடி என்ன சொல்றாருன்னு அம்மா கேக்கறாங்க. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க.”

“நீயே சொல்லலாமே. உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே” என்றார் அமிர்தநாதன்.

ஒபின்னா காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குப் புரியுமுங்கண்ணா. ஆனா அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாதுங்க. சொன்னது நீங்க. நீங்களே சொல்லிருங்க.”

அதில் என்ன இருக்கிறது என்று அமிர்தநாதனுக்கு உறைக்கவே இல்லை. நைஜீரியாவில் ஓர் அம்மா தன் குரலைக் கேட்டு மயங்கிவிட்டாள் என்பதிலேயே தலைகால் புரியாமல் நின்றார். ஒபின்னா யாரையோ பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வருவதாகக் கிளம்பியதும், “இருதயம், கேட்டியா? எம்பட வர்ணனை கடல் தாண்டிப்போச்சு! டீனா அம்மணி, பேனா எடுத்துட்டு வா கண்ணு” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

டீனா அவருடைய மகள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சனிக்கிழமை விடுமுறை. போனில் வீடியோவை ஓடவிட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தறிச்சத்தம் இல்லாத வீட்டில் அந்தச் சின்ன போன் மைதானத்து ஒலிபெருக்கி மாதிரி கேட்டது.

“‘ஓ பின்னா, பின்னால வருது’... இது இங்கிலீஷ்ல வராதுங்கப்பா.”

“உட்டுத்தள்ளு. அடுத்தது போடு.”

‘வருது பாருங்க, வருது பாருங்க, பிரேக் இல்லாத லாரி வருது, எல்லாரும் ஓரம் போயிருங்க!’

டீனா எழுதத் தொடங்கி நிறுத்தினாள். “அப்பா, ‘வருது’ன்னு சொல்லியிருக்கீங்க. ‘ஹி’ போடட்டுங்களா, ‘இட்’ போடட்டுங்களா?”

“அதென்ன கேள்வி?”

“ஆளுக்கு ‘ஹி’. மாடு, லாரி, மேசைக்கெல்லாம் ‘இட்’. நீங்க சொன்னபடி எழுதுனா ‘இட்’டுதானுங்க வரும்.”

அமிர்தநாதன் சிரித்தார். “நம்மூர்ல பாசத்துக்கு ‘அது’ன்னு சொல்றதில்லையா? சின்னப் புள்ளையைச் சொல்றோம், உன்னையே சொல்றோம்.”

“அப்ப குமாரசாமி மேல உங்களுக்குப் பாசமே இல்லீங்களாப்பா?”

குமாரசாமி மில் முதலாளி மகன், திருப்பூர் அணியின் கேப்டன். டீனா வீடியோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். அமிர்தநாதனின் குரலே வந்தது, ஆனால் வேறு நடையில். ‘குமாரசாமி அவர்கள் பந்தை நிறுத்தறாருங்க. யோசிக்கறாருங்க. மூளைக்காரருங்க. கணக்குப் போட்டுத்தான் காலை வெப்பாருங்க.’ இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ‘காளிச்சாமி ஓடறான், மூச்சு வாங்காம ஓடறான், ஓடுடா ஓடு.’ காளிச்சாமி இவர்கள் தெருக்காரன், இரண்டு வீடு தள்ளி இருப்பவன், ஆடுவது அதே திருப்பூர் அணிக்கு. அந்த ஆட்டத்தில் முதல் கோலுக்கு வழிபண்ணிக் கொடுத்ததே அவன்தான்.

“யோசிக்கறதெல்லாம் ‘ங்க’. ஓடறதெல்லாம் ‘டா’. முட்டறதெல்லாம் ‘அது’” என்றாள் டீனா. கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பேசுகிற குரலில் சொன்னாள். அதுதான் அவரைக் குத்தியது.

“இருவத்திரண்டு வருசமாப் பேசறேன். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?” என்று எகிறினார்.

டீனா வீடியோவை ஓடவிட்டாள். இரண்டாம் பாதி, வெயில் இறங்கிய நேரம். அமிர்தநாதனுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று ஞாபகம் வந்துவிட்டது. “அதை நிறுத்து” என்று கையை நீட்டுவதற்குள் வந்தேவிட்டது.

‘பொழுது சாஞ்சுபோச்சு, ஒபின்னாவைக் காணோம் பாருங்க! எங்கடா இருக்கே? சித்த பல்லைக் காட்டுடா கண்ணு, இருக்கற எடம் தெரியட்டும்!’

மைதானமே வெடித்துச் சிரித்தது. வீடியோவில் ஒபின்னா திரும்பிப் பார்த்தார். சிரித்தார். கட்டைவிரலைக் காட்டினார். அந்த அம்மா கேட்டது இந்தச் சிரிப்பைத்தான்.

டீனா பேனாவை மூடிவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இருதயம்மாள்தான் சமையலறையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “உங்கப்பாரும் சிரிச்சுட்டேதான் ஓடுவாருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

அடப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார் அமிர்தநாதன். அடுத்தவன் வாயில் ஒரு ‘டா’ வந்ததற்கு மூன்று நாள் தறியை நிறுத்தியதென்ன, தன் வாயை ஒருநாள்கூடக் கேட்காமல் விட்டதென்ன! மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாசலுக்குப் போனார். மணி இரண்டாகியிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேதான் இன்னும் கீழே இறங்கினார்.

“எழுது அம்மணி” என்றார். “ஒபின்னா நல்ல ஆட்டக்காரர். ரெண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டு, மூணாவது ஆளுக்கு வழியைத் தொறந்து உட்டாரு. பந்து வர்றதுக்கு முன்னாடியே அது எங்க விழும்னு தெரிஞ்சு அங்க போய் நின்னாரு. ஃப்ரீகிக் வாங்குனபோது எதிராளி கீழ விழுந்து கெடந்தான், கை குடுத்துத் தூக்கிவிட்டாரு. இப்பிடி ஒரு மூளைக்காரரை நான் பார்த்ததில்லை. அப்பிடீன்னு எழுது.”

“இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையேப்பா.”

“சொல்லுல. ஆனா பார்த்தனே!”

உண்மைதான், பார்த்திருந்தார். கோல்கீப்பராக நின்ற கண், எதையும் தவறவிடாது. ஒபின்னா யோசித்து ஆடியதையெல்லாம் கண் பார்த்திருந்தது, வாய்தான் லாரி என்றும் எருமை என்றும் சொல்லியிருந்தது. பொய் எழுத ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை, மளமளவென்று வந்தது. அது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

டீனா எழுதினாள். அப்பாவுக்காக எழுதினாளா, முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக எழுதினாளா தெரியாது.

மூன்று மணிக்கு ஒபின்னா வந்தார். காகிதத்தை நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். அமிர்தநாதன் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நெம்ப நல்லா இருக்குங்கண்ணா” என்றார் ஒபின்னா. “இதைப் படிச்சா அம்மா சந்தோஷப்படுவாங்க.” காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது திரும்பினார். “இதை நீங்க மைக்ல சொல்லியிருந்தீங்கன்னா நானும் சந்தோஷப்பட்டிருப்பனுங்க. வாரனுங்க.”

அதற்கும் ‘ங்க’. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அறைந்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்த ‘ங்க’வை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வது? அமிர்தநாதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் இறுதிப்போட்டி. முடிவு பண்ணிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனார். இன்றைக்கு எல்லாருக்கும் ஒரே மரியாதை. குமாரசாமிக்கு என்னவோ அதுவே காளிச்சாமிக்கும், அதுவே ஒபின்னாவுக்கும். லாரி இல்லை, எருமை இல்லை. மைக்கை வாங்குமுன் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஐந்தாவது நிமிஷத்தில் பந்து ஒபின்னா காலுக்கு வந்தது. ஜனம் ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தது. பழக்கம்! அந்த இழுப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அமிர்தநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திருப்பூர் அணியின் ஒபின்னா அவர்கள் வர்றாருங்க” என்றார்.

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த மைதானம் கேட்டதே இல்லை. லாரிக்கும் எருமைக்கும் அதில் பாதி வந்ததில்லை. “அவருங்களாமா!” என்று எவனோ கத்தினான். “வர்றாருங்களாமா!” என்று இன்னொருவன் எடுத்துக்கொடுத்தான். விசில் காதைப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் தொடையைத் தட்டி, “அமிர்தண்ணா, இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சுங்க” என்றார்.

ஒபின்னா அப்படியே நின்றுவிட்டார். ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தார். நேற்று வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வந்ததற்கு இந்த ஆள் பழி தீர்க்கிறாரோ என்று கேட்கிற பார்வை. சிரிக்கவில்லை. கட்டைவிரலைக் காட்டவில்லை. காலடியில் இருந்த பந்தை எவனோ தட்டிக்கொண்டு போனான்.

“கிண்டல் இல்லீங்க. நெசமாத்தான் சொல்றனுங்க. ஒபின்னா அவர்கள் நல்ல ஆட்டக்காரருங்க” என்று அமிர்தநாதன் மைக்கில் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு ஏறியது. எதற்குச் சிரிக்கவேண்டும் என்று நான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே, நன்றாகப் படித்திருந்தார்கள். குமாரசாமிக்கு ‘ங்க’ போட்டபோது ஒரு ஈ காக்காய் சிரிக்கவில்லை. இடைவேளையில், தொண்டை கட்டிவிட்டது என்று மைக்கை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டாம் பாதியை யார் பேசினார்கள், யார் ஜெயித்தார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் டீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சிறிது நேரத்தில் ஒபின்னா வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசற்படியில் நின்றபடி போனை நீட்டினார்.

“அம்மா பேசி அனுப்பியிருக்காங்க. உங்களுக்குத்தானுங்க” என்றார்.

வயதான ஒரு பெண்ணின் குரல், நிதானமான இங்கிலீஷ். டீனா கேட்டுக் கேட்டு அப்பாவுக்குச் சொன்னாள். “நீங்க எழுதிக் குடுத்ததை சர்ச்சுல எல்லார்கிட்டயும் படிச்சுக் காட்டுனாங்களாம். உங்களுக்காக ஜெபம் பண்றாங்களாம். நேத்து மேட்சும் பார்த்தாங்களாம்.” டீனா கொஞ்சம் தயங்கினாள். “‘இந்தத் தடவை ஜனம் முன்னைவிட அதிகமாச் சிரிச்சுது. ஆனா என் மகன் சிரிக்கல. நின்னு திரும்பிப் பார்த்தான். ஏன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறான். அய்யா, அப்பிடி நீங்க என்ன சொன்னீங்க?’ அப்பிடீன்னு கேக்கறாங்கப்பா.”

பக்கத்துக் குடோனில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அமிர்தநாதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நோட்டு எடு அம்மணி.”

டீனா எடுத்து வந்தாள்.

“‘உங்க மகன் வர்றாருங்க’ன்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்கன்னு எழுது.”

டீனா எழுதிவிட்டுப் பார்த்தாள். “இங்கிலீஷ்ல வெறும் ‘ஹி ஈஸ் கமிங்’குன்னுதானுங்கப்பா இருக்கு. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குன்னு அந்தம்மா கேப்பாங்களே?”

ஒபின்னா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமிர்தநாதன் தலை நிமிராமல், “கேப்பாங்க” என்றார். பிறகு, “அதை அடிச்சுப்போடு. மொதல்ல இருந்து வா. போன தடவை எழுதிக் குடுத்தது அத்தனையும் பொய்யி, அதுல ஒண்ணும் நான் மைக்ல சொல்லுலன்னு மொதல் வரி போடு. அப்புறம் அந்த லாரி, எருமை, பல்லு, எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி எழுது” என்றார். ஒபின்னா பக்கம் திரும்பி, “எழுதட்டுங்களா?” என்று கேட்டார்.

ஒபின்னா அவர் பக்கம் திரும்பினார். “எழுதுங்க” என்றார்.

டீனா புதுப் பக்கம் திருப்பி, முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. “லாரி வருதுன்னதுக்கு, ‘ஹி’யா ‘இட்’டாங்கப்பா?”

ஒபின்னா கேட்டுக்கொண்டுதான் நின்றார். அமிர்தநாதன் படியை விட்டு எழுந்து நின்று, “நான் என்ன சொன்னனோ அதையே போடு, கண்ணு” என்றார். “‘இட்’டுன்னே போடு.”